தீனபந்து ஆண்ட்ரூஸ்

பொருள் ஈட்டும்பொருட்டுக் கடல் கடந்தோர் பலர். நாடு பிடிக்கச் சென்றோரும், தம் சமயத்தைப் பரப்பச் சென்றோரும் பலராவர். முன்பின் அறியாத மக்களின் துன்பம் ஒன்றையே கருதிக் கலம் ஏறியவர் மிகச் சிலர். சாவக நாட்டில் மழையின்றி மக்கள் பசியால் வாடுவதைக் கேட்ட ஆபுத்திரன், அமுதசுரபியைக் கையில் ஏந்தி அந்நாட்டிற்குக் கலம் ஏறிய செய்தியை மணிமேகலைக் காப்பியம் கூறும். இடையே மணிபல்லவத்தில் அவன் இறங்கி நிற்க, அவனை மறந்து கலம் போயிற்று. அப்பிறப்பில் அவன் சாவகம் சேரவே இல்லை.

அத்தகைய நோக்கத்தோடு சென்ற நூற்றாண்டில் கலம் ஏறிக் கரையும் சேர்ந்தவர் சி. எப். ஆண்ட்ரூஸ் என்னும் ஆங்கிலேயர். அவர் கையில் அமுதசுரபி இல்லை. கைப்பொருளும் மிகுதியாக இருந்ததில்லை. இருந்ததையும் கேட்டவர்க்கு ஈந்து விடுவது அவர் வழக்கமாதலால், மேலாடை கூட நெடுநாள் அவரிடம் தங்குவதில்லை என அவரை அறிந்தோர் நகைத்துக் கூறுவர்.

அவர் 1871-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் ஒரு சிறு கிறித்தவத் திருச்சபையின் குரு. வளர்ந்தது பர்மிங்ஹாம் நகரத்தில். சார்லஸ் சிறுவனாக இருந்தபோது அக்குடும்பத்திற்குப் பெரியதோர் இடர் நேர்ந்தது. தாயாருக்கு உரிய செல்வத்தைக் காத்து வந்த நண்பர் ஒருவர், அதனை ஊக வாணிகத்தில் இட்டு முற்றும் அழித்துவிட்டார். வளமாக வாழ்ந்த குடும்பம் ஒரே நாளில் வறுமை எய்தியது. அன்று தந்தையார் குடும்பத்தாரைக் கூட்டி வழிபாடு நடத்தினார். வஞ்சித்த நண்பருக்குத் தண்டனை வேண்டிப் புகார் எழுதவில்லை. அவர் மனந்திருந்த வேண்டுமென்றே இறைவனை மன்றாடினார். வறுமை இன்னதென்பதையும், இறைநம்பிக்கை இன்னதென்பதையும் அச்சிறுவன் ஒரே நேரத்தில் ஒரே வீட்டில் கற்றான். பின்னர் அவர் வாழ்வில் நிகழ்ந்தன யாவும் இவ்விரண்டும் மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்ட நிகழ்ச்சிகளே எனலாம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று குருப்பட்டம் பெற்றபின், இலண்டன் மாநகரின் தென்பகுதியில் உள்ள வால்வொர்த் என்னும் ஏழையர் சேரியில் சில ஆண்டுகள் தங்கித் தொண்டு செய்தார். 1904-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்து, தில்லி தூய ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். இரண்டாண்டு கழித்துக் கல்லூரித் தலைவர் பதவி ஒழிந்தது. ஆங்கிலேயரே அப்பதவியில் இருத்தல் வேண்டும் என்று எண்ணியோர் பலர். அதற்குத் தக்கவர் நெடுங்காலம் அங்கே பணியாற்றிய சுசீல் குமார் ருத்ரா என்னும் இந்தியரே என்று ஆண்ட்ரூஸ் உறுதியாக நின்றார், அவ்வாறே ஆயிற்று. ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர், ஆளப்படும் இனத்தைச் சேர்ந்தவரைத் தமக்குத் தலைவராக வேண்டிப் பெற்றது அக்காலத்தில் எளிதில் காணத்தக்க செய்தியன்று.

1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோகலேயின் வேண்டுகோளுக்கு இணங்கி, ஆண்ட்ரூஸ் தம் நண்பர் வில்லியம் பியர்சனுடன் தென்னாப்பிரிக்காவிற்குச் சென்றார். அங்கே காந்தியடிகள் நடத்திய அறப்போர் கடுமையாக நிகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர் ஆடவரும் பெண்டிருமாகச் சிறை புகுந்திருந்தனர். டர்பன் துறைமுகத்தில் இறங்கிய ஆண்ட்ரூஸ், காந்தியடிகள் எங்கே என்று வினவினார். தலையை மழித்து, முரட்டு வெள்ளாடை உடுத்து நின்ற மெலிந்த மனிதர் ஒருவரைச் சுட்டிக் காட்டினர். ஆண்ட்ரூஸ் குனிந்து அவர் திருவடிகளைத் தொட்டார். இதனைக் கண்ட வெள்ளையர் சினந்தனர். செய்தித்தாள்களும் கடிந்து எழுதின. அவரோ அதனைப் பொருட்படுத்தவில்லை. இங்கிலாந்தில் தாயார் இயற்கை எய்திய துயரச் செய்தியும் அந்நாட்களிலேயே அவருக்கு வந்து சேர்ந்தது.

அங்கே அவர் கண்ட காட்சிகளுள் ஒன்று மட்டும் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவே இல்லை. கரும்புத் தோட்டத்திலிருந்து தப்பி ஓடி வந்த ஏழைத் தொழிலாளி ஒருவன் காந்தியடிகளிடம் அடைக்கலம் புகுந்திருந்தான். அவன் முதுகில் அடியின் தழும்புகள் காணப்பட்டன. வேட்டையாடப்பட்ட விலங்குபோல் அவன் ஒடுங்கிக் கிடந்தான். அவன் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

அத்தொழிலாளி எவ்வாறு அந்நிலை எய்தினான் என்பதை அறிய, ஒப்பந்தக் கூலி முறையை அறிதல் வேண்டும். 1830-களில் ஆங்கிலப் பேரரசில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. அக்குறையை நிரப்ப இந்தியாவிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்மேல் ஆட்களை அனுப்பும் முறை வளர்ந்தது. மொரீசியசு, கயானா, டிரினிடாடு, நேட்டால் எனப் பல நாடுகளுக்கு மக்கள் கொண்டுபோகப்பட்டனர். பசிபிக் பெருங்கடலில் உள்ள பிஜித் தீவுகளுக்கு 1879-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து லியோனிதாஸ் என்னும் கலம் முதற் கூட்டத்தைக் கொண்டு சென்றது. 1903-ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். 1916-ஆம் ஆண்டிற்குள் பிஜிக்குச் சென்றோர் தொகை அறுபதினாயிரத்திற்கு மேற்பட்டது. ஒப்பந்தம் என்பதற்குரிய ‘அக்ரிமெண்டு’ என்னும் ஆங்கிலச் சொல் அவ்வெளிய மக்களின் நாவில் ‘கிர்மிட்’ என்றாயிற்று. அவர்கள் தம்மைக் கிர்மிட்டியர் என்றே கூறிக்கொண்டனர். எழுத்தறியாதார் வாயில் பிறந்த இச்சொல், அவர்தம் வழித்தோன்றல்களால் இன்றும் மறவாமல் போற்றப்படுகின்றது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து மீண்ட ஆண்ட்ரூஸ், தாகூரின் சாந்திநிகேதனத்தைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். தம் திருச்சபையின் சில கோட்பாடுகளை மனம் ஒப்பி ஓத இயலாமையால், குருவாக இருந்து ஆற்றும் கடமைகளையும் அக்காலத்தில் விட்டுவிட்டார். இயேசுபெருமானிடம் கொண்ட பற்றை மட்டும் அவர் விட்டாரல்லர். அஃது ஆண்டுதோறும் முதிர்ந்துகொண்டே வந்தது. 1915-ஆம் ஆண்டில் வாந்திபேதி நோய் கண்டு சாவின் வாயிலை எட்டி மீண்டார். உடல் தேறும் வரையில் ஓய்ந்திருந்த நாட்களில் பிஜித் தீவைப் பற்றிய செய்திகளைப் படித்தார்.

அச்செய்திகள் படிப்போர் நெஞ்சைப் பிளப்பன. மெதடிஸ்டுத் திருச்சபையைச் சார்ந்த பர்ட்டன் என்னும் குரு, தாம் கண்டவற்றை 1910-ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டிருந்தார். ஹன்னா டட்லி என்னும் கன்னியம்மையார் சுவா நகரில் இந்தியரிடையே வாழ்ந்து, கூலிமுறையின் கொடுமையை எடுத்துரைத்திருந்தார். குந்தி என்னும் பெண்ணொருத்தியைத் தன்னந்தனியே வாழைத் தோட்டத்தில் வேலைக்கு ஏவி, அவளிடம் தகாத முறையில் நடக்க முயன்றான் ஒரு மேற்பார்வையாளன். அவள் தப்பி ஓடி ஆற்றில் குதித்தாள். படகில் இருந்த சிறுவன் ஒருவன் அவளைக் காத்தான். 1912-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இச்செய்தி மறுவாண்டில் இந்தியச் செய்தித்தாளில் வெளிவந்தபோது நாடே கொதித்தது. பிஜித் தீவில் இருபத்தோராண்டு வாழ்ந்து 1914-இல் மீண்ட தோத்தாராம் சனாத்தியர் தம் துன்ப வரலாற்றை இந்தியில் எழுதினார். நம் பாரதியாரும் அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் வருந்தும் பெண்களை நினைந்து உருகிப் பாடினார். தமிழர் அப்பாட்டை அறிவர்.

இவற்றையெல்லாம் எண்ணியபடி சாந்திநிகேதனத்தில் ஒருநாள் ஆண்ட்ரூஸ் அமர்ந்திருந்தார். அப்போது நேட்டாலில் கண்ட அத்தொழிலாளியின் முகம் அவர் கண்முன் தோன்றியது. அச்சமும் நோவும் நிறைந்த அம்முகத்தையே அவர் உற்று நோக்கிக்கொண்டிருந்தார். நோக்கிய அளவில் அஃது இயேசுபெருமானின் திருமுகமாக மாறிற்று. பசித்தவனையும், ஆடையற்றவனையும், வேற்று நாட்டிலிருந்து வந்த திக்கற்றவனையும் புறக்கணிப்போர் தம்மையே புறக்கணிப்போராவர் என்பது அப்பெருமான் கற்பித்தது. நெடுநாள் ஓதியும் ஓதுவித்தும் வந்த அவ்வுண்மை அன்று கண்ணெதிரே நின்றது.

காட்சி பெற்றோர் அதனைப் பிறரிடம் கூறி மகிழ்வதும், தனித்திருந்து அதிலேயே திளைப்பதும் உண்டு. ஆண்ட்ரூஸ் செய்தது வேறு. கப்பலுக்குச் சீட்டு வாங்கினார்.

பியர்சனும் உடன் புறப்பட்டார். இருவரும் ஆஸ்திரேலியா வழியாகச் சென்று 1915-ஆம் ஆண்டின் இறுதியில் பிஜித் தீவை அடைந்தனர். அரசாங்கம் அவர்களை அனுப்பவில்லை. அதற்கு இரண்டாண்டுக்கு முன்னரே மக்நீல் என்னும் ஆங்கில அதிகாரியும், சிம்மன்லால் என்னும் இந்தியரும் அரசாங்கத்தாரால் பிஜி உள்ளிட்ட நாடுகளுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். அவர்கள் கண்டவற்றுள் குறைகளும் இருந்தன. அவற்றை மறையாது எழுதினர். ஆயினும், கூட்டிக் கழித்துப் பார்க்குமிடத்துத் தீமையினும் நன்மையே மிகுதி, குறைகளைத் திருத்திக்கொண்டு முறையைத் தொடரலாம் என்பது அவர்கள் முடிவு. அவர்களைக் கொடியோர் என்று கருதுதல் தவறு. கணக்கில் கண்ட உண்மையை அவர்கள் கூறினர். கணக்கில் அகப்படாதது அவர்கள் கண்ணுக்குப் புலனாகவில்லை.

அக்கணக்கு யாது? தொழிலாளி ஒருவனுக்கு முழுவேலை செய்தால் நாள் ஒன்றுக்கு ஒரு சில்லிங்கு கூலி, அஃதாவது பன்னிரண்டு அணா. பெண்ணுக்கு ஒன்பது பென்சு. வாரத்தில் ஐந்து நாளும் ஒன்பது மணி நேரமும், சனிக்கிழமை ஐந்து மணி நேரமும் வேலை. பத்தாண்டு கழிந்தால் ஊர் திரும்பக் கப்பற்செலவு இலவசம். இந்தியச் சிற்றூரில் நாளுக்கு நான்கு அணாவும் கிடையாத உழவன் ஒருவனுக்குப் பன்னிரண்டு அணா பெருஞ்செல்வமாகத் தோன்றுவது இயல்பே. அங்கே ஒருவன் பட்டினியால் இறந்தான் என்று கூறுவதற்கில்லை. தோட்டக்காரர்கள் இதனையே எடுத்துக்காட்டி, தங்கள் நாட்டில் உண்டதினும் நன்றாகவே இங்கு உண்கின்றனர், பின் என்ன குறை என வினவினர். வினா சிறியதன்று. வறுமையாவது சோறின்மை ஒன்றே என்றால், அவர்கள் கூறியதற்கு மறுமொழி இல்லை.

ஆண்ட்ரூஸ் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நேரே சென்று பார்த்தார். மரப்பலகையால் அமைந்த நீண்ட கொட்டகைகள். அவற்றில் வரிசையாகச் சிற்றறைகள். ஓர் அறையின் நீளம் பத்தடி, அகலம் ஏழடி. அதில் மணமாகாத ஆடவர் மூவர் இருத்தல் வேண்டும். அன்றேல் கணவனும் மனைவியும் குழந்தைகளும் இருத்தல் வேண்டும். மண்வெட்டியும் விறகும் உணவுக்கலமும் துணிமணியும் அதற்குள்ளேயே. அறைகளைப் பிரிக்கும் பலகைச் சுவர் கூரைவரை எட்டுவதில்லை. மேலே கம்பிவலை மட்டும் இருக்கும். ஓர் அறையில் பேசும் பேச்சு அடுத்த அறைக்குக் கேட்கும். நோயாளியின் முனகலும், குழந்தையின் அழுகையும், குடியரின் பூசலும் எல்லார்க்கும் பொது. மணமான பெண்ணுக்கும் மறைவு என்பதே அங்கே இல்லை.

நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிர் என்ற கணக்கில் ஆட்களைச் சேர்த்து அனுப்பவேண்டும் என்பது சட்டம். குடும்பம் குடும்பமாகச் சேர்த்தால் செலவு மிகும் என்று, தரகர்கள் திருவிழாக் கூட்டங்களிலும் புகைவண்டி நிலையங்களிலும் வழி தவறி நின்ற பெண்களை ஏமாற்றிச் சேர்த்தனர். இந்து முறைப்படி நிகழ்ந்த திருமணம், அரசாங்கப் பதிவேட்டில் பதிந்தாலன்றிச் சட்டப்படி திருமணமாகாது. அதனால் அங்கே மனைவி என்பவள் யார் மனைவி என்ற வழக்கு எழுந்தது. வழக்கிலிருந்து பொறாமையும், பொறாமையிலிருந்து கொலையும் எழுந்தன. தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டோர் தொகையோ இந்தியாவில் உள்ளதினும் பன்மடங்கு மிகுதியாக இருந்தது. சென்னையிலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் பட்ட துன்பம் தனி. குடியிருப்பில் வழங்கியது இந்துஸ்தானி. மேற்பார்வையாளன் ஏவுவதும் விளங்காது. தம் நோவைச் சொல்லவும் வாராது. சொல்லும் மொழி இருந்தும் கேட்பார் இன்றி ஊமையாக வாழ்ந்தவர் அவர்.

ஒப்பந்தச் சீட்டையும் ஆண்ட்ரூஸ் வரிவரியாக ஆராய்ந்தார். கூலி எவ்வளவு, மணி எவ்வளவு என்பன அதில் இருந்தன. பிஜியில் அரிசியும் பருப்பும் என்ன விலை விற்கும் என்பது அதில் இல்லை. ஒரு நாள் வேலைக்கு வாராவிட்டால், கடன் தீர்க்காதவன் போல உரிமை வழக்கில் நிற்பதன்று, குற்றவாளியாகத் தண்டம் இறுக்கவோ சிறைக்குச் செல்லவோ வேண்டும் என்பதும் அதில் இல்லை. பன்னிரண்டு அணா, குறித்த அளவு வேலை முழுவதையும் முடித்தவனுக்கே. அளவு கோலுவோன் தோட்டத்து மேற்பார்வையாளன். முடிக்க இயலாத மெலிந்தவனுக்குக் கூலி குறையும். பெரும்பாலோர் பெற்றது சில்லிங்குக்குக் குறைவாகவே இருந்தது. கைநாட்டு இட்டவன் இவற்றுள் எதனையும் அறியான். சீட்டில் எழுதியது பொய்யன்று. ஆனால் எழுதாது விட்டது பெரிது.

இவ்வாறு, சோறு இருந்தும் ஏழையர் ஆனவர்களை ஆண்ட்ரூஸ் அங்கே கண்டார். ஊரில் பசித்திருந்தவனுக்கும் ஒரு வீடு இருந்தது. வீட்டில் தாய் இருந்தாள். தெருவில் உறவினர் இருந்தனர். திருவிழாவில் அவனுக்கும் ஒரு வேலை இருந்தது. தவறு செய்ய முற்பட்டால் நாணுதற்கு நாலு பேர் இருந்தனர். தீவில் அவனுக்கு ஓர் எண் இருந்தது. இவ்வேறுபாட்டைத் தோட்டக்காரர் உணரவில்லை. சிற்றூர் வாழ்வை உடனிருந்து கண்டவராதலின் ஆண்ட்ரூஸ் உணர்ந்தார்.

ஆயினும், அம்மக்களிடம் யாதும் எஞ்சவில்லை என்று எண்ணுதல் பொருந்தாது. பகலெல்லாம் கரும்பு வெட்டியவர்கள், அந்திப்பொழுதில் மண்ணெண்ணெய் விளக்கைச் சூழ்ந்து அமர்ந்து இராமகாதையைப் படிக்கக் கேட்டனர். எழுத்தறிந்தவன் ஒருவன் கிடைத்தால் போதும். குற்றமற்றவனாயிருந்தும் காடேகிய இராமனின் துன்பத்தைத் தம் கிர்மிட்டுக்கு ஒப்பாக அவர்கள் கருதினர். அவனுக்குப் பதினான்கு ஆண்டு, தமக்கு ஐந்தாண்டு. அவனும் மீண்டான், தாமும் மீள்வோம் என்பது அவர்கள் ஆறுதல். தென்னாட்டார் மாரியம்மனை மறவாது தீமிதித் திருவிழா நடத்தினர். குருக்களும் இல்லை, கற்கோயிலும் இல்லை. உடைமை யாவும் இழந்தோர் கையில் அந்நம்பிக்கை எஞ்சி நின்றது. ஆண்ட்ரூஸ் அம்மக்களைச் சமயம் மாற்றும் நோக்கோடு செல்லவில்லை. வேட்டியும் சட்டையும் அணிந்து எளியவராய் அவர்களிடையே நின்ற அவ்வெள்ளையரை, மக்கள் ‘தீனபந்து’ என்று அழைக்கலாயினர். எளியோர்க்கு உறவினர் என்பது அதன் பொருள். பிற்காலத்தில் இயற்பெயரினும் அப்பெயரே பெருவழக்காயிற்று.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. தோட்ட முதலாளிகளும் மேற்பார்வையாளர்களும் கிறித்தவர். ஞாயிறுதோறும் கோயிலில் முழந்தாளிட்டோர். ஆண்ட்ரூஸும் அதே பெருமானை வணங்கியவர். தம் நாட்டாரும் தம் சமயத்தாருமாகிய அவர்களை எதிர்த்து நிற்பது அவருக்கு இன்பமாக இருந்திராது. அவர் அவர்களைத் தூற்றவில்லை. அவர்கள் இல்லங்களுக்கும் சென்றார். அவர்கள் கூறியதையும் கேட்டார். அறிக்கை எழுதும்போது, பிஜியின் நல்ல தட்பவெப்பத்தையும், ஒப்பந்தம் முடிந்து நிலம் பெற்ற இந்தியர் முன்னேறி வருவதையும் மறையாது குறித்தார். முறையின் கொடுமையைக் கூறுமிடத்தில் மட்டும் அவர் சொல்லைத் தணிக்கவில்லை. இதனைத் திருத்துதல் இயலாது, ஒழித்தலே வேண்டும் என்று முடித்தார். மக்நீலும் சிம்மன்லாலும் திரட்டிய புள்ளிகளையே அவர் தம் வாதத்திற்குச் சான்றாகவும் எடுத்தாண்டார்.

அவ்வறிக்கை 1916-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளியாயிற்று. 1912-இல் கோகலே இம்முறையை ஒழிக்கவேண்டிக் கொணர்ந்த தீர்மானத்தை அரசாங்கம் தள்ளியிருந்தது. 1916 மார்ச்சுத் திங்களில் மாளவியா அதே கருத்தை மீண்டும் கொணர்ந்தபோது, அரசப் பிரதிநிதியாகிய ஹார்டிஞ்சுப் பிரபு அதனை ஏற்றார். நாடு மகிழ்ந்தது. மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. வேறு ஏற்பாடு செய்யும்வரையில் இன்னும் சில ஆண்டுகள் ஆள் சேர்ப்பு நடக்கும் என்ற செய்தி மெல்லக் கசிந்தது. ஆண்ட்ரூஸ் வெகுண்டார். ஊர் ஊராகச் சென்று பேசினார். சரோஜினி அம்மையார் போன்ற பெருமாட்டிகளும் மேடையேறினர். பெண்டிர் தூதுக்குழு ஒன்று அரசப் பிரதிநிதியை நேரில் கண்டு முறையிட்டது. 1917 மார்ச்சுத் திங்களில் ஆள் சேர்த்து அனுப்புதல் நிறுத்தப்பட்டது.

அத்துடன் பணி முடிந்தது என்று பிறராயின் அமைந்திருப்பர். இனிமேல் எவரும் கலம் ஏறார் என்பது உண்மையே. முன்னரே ஏறியவர்கள் நிலை என்ன? அவர்கள் இன்னும் அப்பத்தடி அறைகளிலேயே இருந்தனர். ஆண்ட்ரூஸ் 1917-இலேயே இரண்டாம் முறை பிஜிக்குச் சென்றார். இம்முறை பியர்சன் உடனில்லை. வரவேற்பும் முன்போல் இல்லை. அவர் அறிக்கையைத் தோட்டக்காரர்கள் படித்திருந்தனர் அன்றோ! அவர் பல திங்கள் அங்கே தங்கினார். பெண்கள் நிலை, மருத்துவமனை நிலை, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாக் குறை ஆகியவற்றை ஆராய்ந்தார். பின் ஆஸ்திரேலியாவில் நகரந்தோறும் சென்று, அந்நாட்டார் பருகும் தேநீரில் இடும் சருக்கரை எவ்வாறு விளைகின்றது என்பதை அந்நாட்டுப் பெண்மணிகளுக்கு எடுத்துரைத்தார். அவர் கூற்றை அவர்கள் அப்படியே நம்பிவிடவில்லை. உண்மையை அறிந்து வருமாறு கார்னம் என்னும் அம்மையாரைத் தாங்களே பிஜிக்கு அனுப்பினர். அவர் 1918-இல் எழுதிய அறிக்கை ஆண்ட்ரூஸ் கூறியதையே உறுதிப்படுத்தியது.

1920-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், பிஜித் தீவில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் யாவும் நீக்கப்பட்டன. அன்று காலை தொழிலாளர்கள் எவர்க்கும் கிர்மிட்டியர் அல்லர்.

விடுதலை பெற்றோர் அனைவரும் வாழ்வாங்கு வாழ்ந்தனர் என்று கூறுவதற்கில்லை. கூலி குறைவு பற்றி அவ்வாண்டிலேயே வேலைநிறுத்தமும் கலகமும் எழுந்தன. ஊர் திரும்பியோருள் பலரை அவர்தம் ஊர் ஏற்கவில்லை. அன்னார் கல்கத்தாத் துறைமுகத்தருகே புகலின்றித் திரிந்தனர். அவர்கட்காகவும் ஆண்ட்ரூஸ் அலைந்தார். கீழை ஆப்பிரிக்கா, கயானா, இலங்கை, மலேயா என இந்தியத் தொழிலாளர் சென்ற நாடுகளுக்கெல்லாம் அவர் கால் சென்றது.

1936-ஆம் ஆண்டில் மூன்றாம் முறையாக அவர் பிஜியை அடைந்தார். அப்போது அவருக்கு அகவை அறுபத்தைந்து. தாடி முற்றும் நரைத்திருந்தது. பெருந்தோட்டங்கள் சிறு சிறு துண்டுகளாகக் குத்தகைக்கு விடப்பட்டு, பழைய கூலிகளும் அவர்தம் மக்களும் தாமே பயிரிட்டு வந்தனர். நாண்டி என்னும் ஊரில் தென்னாட்டார் 1926-இலேயே ஒரு சங்கம் நிறுவிப் பள்ளிகள் நடத்தத் தொடங்கியிருந்தனர். அங்கே தமிழும் கற்பிக்கப்பட்டது. நான்காண்டு கழித்து, 1940 ஏப்ரல் 5-ஆம் நாள், ஆண்ட்ரூஸ் கல்கத்தாவில் இயற்கை எய்தினார். அந்நகரத்துக் கிறித்தவர் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.